எரிந்துபோனதா, எரித்துப்போட்டார்களா? – துணைவினையும் தலித் எழுத்தின் மொழிபெயர்ப்பும்



மறைந்த தோழரின் நினைவைப் போற்றும் இந்தப் பொழிவுக்கு நாங்கள் இலக்கணத்தைப் பேசுபொருளாக எடுத்துக்கொண்டது சிலருக்கு வியப்பாக இருக்கலாம். நிலம், கூலி, கல்வி, வன்கொடுமை என்று பேச எவ்வளவோ இருக்கின்றன. ஆங்கில வினைச்சொல்லை ஜெர்மன் மொழியில் எப்படிப் பெயர்ப்பது என்ற கேள்வி பாகூருக்கு எதற்கு? நாங்கள் சொல்ல வருவது ஒன்றுதான். ஒரு செயலை யார் செய்தார், எந்தப் பக்கம் நின்று அதைச் சொல்கிறோம், அது எவ்வளவு கனமாக விழுந்தது என்ற மூன்றும் நம் பேச்சில் வினையின் வாலில் இருக்கின்றன. மொழிபெயர்ப்பில் முதலில் அறுந்து விழுவது அந்த வால்தான். அது அறுந்தால் கொடுமை விபத்தாக மாறிவிடும்.

எதை எந்த மொழியில் சொல்வது என்ற கேள்வி இந்த மண்ணுக்குப் புதிதல்ல. 9ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த, பல்லவ மன்னன் நிருபதுங்கவர்மன் காலத்துப் பாகூர்ச் செப்பேடு இருமொழி ஆவணம். இங்கிருந்த வித்தியாஸ்தானத்துக்கு, அதாவது வேதக் கல்விச்சாலைக்கு, மூன்று ஊர்களை அது எழுதிக்கொடுக்கிறது. அரச பரம்பரையின் புகழ் அதில் வடமொழிச் செய்யுளில் இருக்கிறது. ஆணையும் நில விவரமும் தமிழில் இருக்கின்றன. புகழுக்கு ஒரு மொழி, கீழ்ப்படிதலுக்கு ஒரு மொழி. அந்த ஏற்பாட்டில் வயலில் இறங்கி நின்றவர்களின் பேச்சு எந்தப் பகுதியிலும் ஏறவில்லை. அந்தப் பேச்சு எழுத்தில் ஏறி, அதுவும் வேற்று மொழிகளுக்குப் போகத் தொடங்கியது நேற்றுத்தான். அதனால்தான் அது எப்படிப் போகிறது என்று பார்க்கவேண்டிய கடமை நமக்கு இருக்கிறது.

இனி விஷயத்துக்கு வருவோம். ஆங்கிலத்தில் ‘கிவ்’ என்றால் கொடு. ‘அப்’ என்றால் மேலே. இரண்டையும் சேர்த்து ‘கிவ் அப்’ என்றால் ‘மேலே கொடு’ என்று பொருள் இல்லை. ‘கைவிடு’ என்று பொருள். ‘புட்’ என்றால் வை. ‘புட் அப் வித்’ என்றால் பொறுத்துக்கொள். ஒரு சின்ன வினையும் ஒன்றிரண்டு சின்னச் சொற்களும் சேர்ந்து மூன்றாவதாக ஒரு பொருளைத் தரும் இந்தக் கூட்டுவினைகள் ஆங்கிலத்தில் ஆயிரக்கணக்கில் உண்டு. பள்ளியில் ஆங்கிலம் படித்த நம் பிள்ளைகள் தடுக்கி விழும் இடமும் இதுதான்.

தமிழில் இந்த வேலையைச் செய்வது துணைவினை. ‘சாப்பிட்டான்’ என்றால் செய்தி மட்டும். ‘சாப்பிட்டுவிட்டான்’ என்றால் முடிந்தது. ‘சாப்பிட்டுக்கொண்டான்’ என்றால் தனக்காகச் செய்தான். ‘சாப்பிட்டுத் தொலைத்தான்’ என்றால் சொல்பவருக்கு எரிச்சல். ‘சாப்பிட்டு வைத்தான்’ என்றால் எதற்கும் இருக்கட்டும் என்று சாப்பிட்டான், அல்லது சாப்பிட்டு வம்பை இழுத்துவைத்தான். சாப்பாடு ஒன்றுதான், மனிதர்கள் வேறுவேறு. இந்தத் துணைவினைகளை மொழியியலாளர் இ. அண்ணாமலை 1985இல் வெளிவந்த தம் ஆங்கில நூலில் விரிவாக ஆராய்ந்தார். 1992இல் வந்த க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதி துணைவினை என்று தனியாகக் குறியிட்டு இவற்றுக்குப் பொருள் எழுதியது. ஆனால் அகராதிக்கு முன்பே இவை நம் வீடுகளில் முழுதாக இருந்தன. ‘செத்துப்பூட்டான்’, ‘வந்துகினு கீறான்’, ‘தூக்கிக் கடாசிட்டானுங்க’ என்று பேசும் எவரும் அதற்காக இலக்கண வகுப்புக்குப் போனதில்லை.

ஜெர்மன் எதற்கு என்ற கேள்விக்கு வருகிறோம். ஜெர்மன் நம் கடற்கரைக்கு அந்நியமல்ல. இங்கிருந்து தெற்கே தரங்கம்பாடியில் 1706இல் வந்திறங்கிய சீகன்பால்கு ஜெர்மானியர். அவருடைய தமிழ்ப் புதிய ஏற்பாடு 1715இல் அச்சாகி முடிந்தது. சென்னை வேப்பேரியில் 1779இல் தமிழ் - ஆங்கில அகராதியை அச்சிட்ட ஃபப்ரீசியஸும் ஜெர்மானியர்தான். இன்னொரு காரணமும் இருக்கிறது. ஜெர்மன் ஆங்கிலத்தின் உடன்பிறப்பு மொழி. அதிலும் வினையோடு ஒட்டும் சின்னச் சொற்கள் உண்டு. ஆங்கிலத்தில் ‘கிவ் அப்’ இருப்பதுபோல் ஜெர்மனில் ‘அவுஃப்கேபன்’. ‘அவுஃப்’ மேலே, ‘கேபன்’ கொடு. துண்டுக்குத் துண்டு பொருந்துகிறது. வாக்கியத்தில் வரும்போது அந்த ‘அவுஃப்’ வினையை விட்டுப் பிரிந்து கடைசிக்குப் போய் நிற்கும். ஜெர்மானியரும் நம்மைப்போல் வாக்கியம் முடியும்வரை காத்திருந்துதான் என்ன நடந்தது என்று தெரிந்துகொள்ள வேண்டும்.

ஆகவே ஆங்கிலக் கூட்டுவினையை ஜெர்மனில் பெயர்ப்பது சுலபம் என்று தோன்றும். அப்படி இல்லை. இத்தனை நெருங்கிய மொழிகளுக்கு இடையிலேயே மூன்று இடங்களில் மொழிபெயர்ப்பாளர் நின்று யோசிக்கவேண்டி வருகிறது. அந்த மூன்று இடங்களும் நம் எழுத்துக்கு உயிரான இடங்கள்.

முதல் இடம், யார் செய்தார் என்பது. ஆங்கிலத்தில் ‘பர்ன் டவுன்’ என்ற கூட்டுவினைக்கு இரண்டு முகம். ‘த ஹட் பர்ன்ட் டவுன்’ என்றால் குடிசை எரிந்துபோனது. ‘தே பர்ன்ட் டவுன் த ஹட்’ என்றால் குடிசையை எரித்துப்போட்டார்கள். வினையின் வடிவம் இரண்டிலும் ஒன்றே. ஜெர்மனில் இதற்கு ‘அப்பிரெனன்’ என்ற வினை உண்டு. ஆனால் நடந்து முடிந்ததைப் பேச்சில் சொல்லும்போது அந்த வினை ஒரு துணைவினையைக் கேட்கும். தானாக எரிந்தது என்றால் ‘சைன்’ என்ற துணைவினை; ஒருவர் எரித்தார் என்றால் ‘ஹாபன்’ என்ற துணைவினை. இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்காமல் அந்த வாக்கியத்தை முடிக்க முடியாது. தமிழும் அப்படித்தான். ‘எரி’ என்ற வேர் ஒன்று. ஆனால் ‘எரிந்து’ என்றால் ‘போனது’ வரும், ‘எரித்து’ என்றால் ‘போட்டார்கள்’ வரும். நடுவில் நிற்க இடம் கிடையாது.

1968 டிசம்பர் 25ஆம் நாள் கீழ்வெண்மணியில் கூலி உயர்வு கேட்டுப் போராடிய விவசாயத் தொழிலாளர் குடும்பங்களைச் சேர்ந்த 44 பேர் ஒரு குடிசைக்குள் எரித்துக் கொல்லப்பட்டார்கள். பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும். கீழ் நீதிமன்றம் நிலவுடைமையாளர்களுக்குத் தண்டனை அளித்தது. மேல்முறையீட்டில் சென்னை உயர் நீதிமன்றம் அவர்களை விடுதலை செய்தது. எரித்தவர்கள் சட்டத்தின் கணக்கில் இல்லாமல் போனார்கள். மிஞ்சியது என்ன? எரிந்துபோன ஒரு குடிசை. வெண்மணியைப் பற்றி ஆங்கிலத்தில் எழுதப்பட்ட ஒரு வரியைத் தமிழிலோ ஜெர்மனிலோ பெயர்ப்பவர், ‘பர்ன்ட் டவுன்’ என்ற இடத்தில் தீர்ப்பு எழுதுபவராக மாறிவிடுகிறார். ‘எரிந்துபோனது’ என்று எழுதினால் ஒரு தீர்ப்பு. ‘எரித்துப்போட்டார்கள்’ என்று எழுதினால் இன்னொரு தீர்ப்பு. மூலத்தில் அப்படித்தான் இருக்கிறது என்று கைகழுவிவிட முடியாது.

இது புத்தகத்தோடு நிற்கும் சங்கதியும் இல்லை. ஒரு தாய் புகார் கொடுக்கப் போகிறாள். ‘எம் புள்ளையப் புடிச்சிக் கீழ தள்ளிவுட்டானுங்க’ என்கிறாள். எழுதுகிறவரின் கையில் அது ‘தகராறில் கீழே விழுந்துவிட்டார்’ என்று ஆகிறது. நீதிமன்ற ஆங்கிலத்துக்குப் போகும்போது ‘ஃபெல் டவுன்’ என்று முடிகிறது. அவள் ‘புடிச்சி’ என்று ஒரு கையைக் காட்டினாள். ‘தள்ளி’ என்று ஒரு விசையைக் காட்டினாள். ‘வுட்டானுங்க’ என்று வேண்டுமென்றே செய்ததைக் காட்டினாள். மூன்றும் மூன்று சாட்சிகள். மூன்றையும் மொழிபெயர்ப்பே கலைத்துவிட்டது.

இரண்டாவது இடம், சொல்பவர் எந்தப் பக்கம் நிற்கிறார் என்பது. ஆங்கிலத்தில் ‘த்ரோ அவுட்’ என்றால் வெளியே தள்ளு. உள்ளே இருந்து பார்த்தாலும் அதே சொல், வெளியே இருந்து பார்த்தாலும் அதே சொல். எழுத்து ஜெர்மன் அப்படி விடாது. ‘ஹின்’ என்றால் பேசுபவரிடமிருந்து அப்பால். ‘ஹெர்’ என்றால் பேசுபவரை நோக்கி. உள்ளே நிற்பவருக்கு ‘ஹினவுஸ்’, இங்கிருந்து வெளியே. வெளியே நிற்பவருக்கு ‘ஹெரவுஸ்’, அங்கிருந்து வெளியே, நம் பக்கம். பேச்சு வழக்கில் இரண்டும் ‘ரவுஸ்’ என்று சுருங்கிப்போவதுண்டு. எழுதும்போது வேறுபாடு நிற்கிறது.

இதைக் கோயில் வாசலில் வைத்துப் பாருங்கள். உள்ளே போன ஒருவரை வெளியே தள்ளுகிறார்கள். அதை நம் எழுத்தாளர் ஒருவர் கதையாக எழுதுகிறார். அது ஆங்கிலத்தில் ‘த்ரோ அவுட்’ என்று போகிறது. ஆங்கிலத்திலிருந்து ஜெர்மனுக்குப் போகிறது. பழக்கத்தில் கைக்கு முதலில் வருவது ‘ஹினவுஸ்’. அதை அப்படியே எழுதினால் கதைசொல்லி கருவறைப் பக்கம் நின்று பார்க்கிறார் என்று ஆகிவிடும். நம் எழுத்தாளரோ தெருவில், தள்ளப்பட்டு வந்து விழும் இடத்தில் நிற்கிறார். இரண்டெழுத்து மாறினால் கதைசொல்லியின் தெருவே மாறிப்போகிறது.

தமிழில் நாம் இதை ‘வா’, ‘போ’ என்ற இரண்டு வினைகளால் செய்கிறோம். ‘கூட்டமாகக் காலனிக்குள் புகுந்து போனார்கள்’ என்று எழுதுபவர் ஊர்த்தெருவில் நிற்கிறார். ‘புகுந்து வந்தார்கள்’ என்று எழுதுபவர் காலனிக்குள் தம் பிள்ளையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். ஒரே ஊரின் எல்லைக்குள் குடியிருந்தும் ‘ஊருக்குள்ள போயிட்டு வரேன்’ என்று நாம் சொல்லும் அந்த ஒரு வாக்கியத்தில் ஊர் எங்கே தொடங்குகிறது, நாம் எங்கே நிறுத்தப்பட்டிருக்கிறோம் என்ற வரைபடம் முழுதாக இருக்கிறது. வேற்று மொழிக்குப் போகும்போது இந்த ‘போயிட்டு வரேன்’ வெறும் வழக்கு என்று விடப்பட்டால் வரைபடமும் போய்விடும்.

மூன்றாவது இடம், செயலின் கனம். ‘புட் அப் வித்’ என்ற ஆங்கிலக் கூட்டுவினையை ஜெர்மனில் பெயர்க்க ஒரே சொல் போதாது. எதிர்ப்புக் காட்டாமல் ஏற்றுக்கொண்டால் ‘ஹின்னேமன்’. வலியோடு தாங்கினால் ‘எர்ட்ராகன்’. இரண்டும் ஒன்றல்ல. நம் பாட்டன் பாட்டிகளைப் பற்றி ஆங்கிலத்தில் எழுதப்படும் வரிகளில் இந்தக் கூட்டுவினை வரக்கூடும். அவர்கள் அத்தனை அவமானத்தையும் ‘பொறுத்துப்போனார்களா’, ‘பொறுத்துக்கொண்டார்களா’, ‘தாங்கினார்களா’? ‘போ’ என்றால் தணிந்துபோவது. ‘கொள்’ என்றால் தன் முடிவாகத் தனக்குள் அடக்கிவைப்பது. ‘தாங்கு’ என்றால் சுமை மேலே இருக்கிறது, கீழே ஒரு முதுகு இருக்கிறது. மூன்றில் எதைப் போடுகிறோமோ அதுதான் அவர்களைப் பற்றி நாம் சொல்லும் வரலாறு.

கனத்தில் இன்னொன்றும் உண்டு. ஆங்கிலத்தில் கூட்டுவினைகள் பெரும்பாலும் வீட்டுச் சொற்களால் ஆனவை. அவற்றுக்குப் பக்கத்திலேயே இலத்தீனிலிருந்தும் பிரெஞ்சிலிருந்தும் வந்த அலுவலகச் சொற்கள் உண்டு. ‘த்ரோ அவுட்’ வீட்டுச் சொல், ‘எக்ஸ்பெல்’ அலுவலகச் சொல். ‘புட் அப் வித்’ வீட்டுச் சொல், ‘டாலரேட்’ அலுவலகச் சொல். நம் கதைகளில் வரும் ‘துரத்திவிட்டாங்க’ என்பதை ‘எக்ஸ்பெல்’ என்று பெயர்த்தால் பொருளில் பிழை சொல்ல முடியாது. ஆனால் பேசியவரை நாற்காலியில் உட்காரவைத்து, சட்டை மாட்டி, குரலைத் தாழ்த்திப் பேசச் சொல்லியாயிற்று. எதிர்த்திசையிலும் இதே கதைதான். கறுப்பின எழுத்தாளர் ஒருவர் வீட்டுச் சொல்லில் கொதித்து எழுதியதை நாம் ‘வெளியேற்றப்பட்டனர்’, ‘சகித்துக்கொள்ளப்பட்டது’ என்று பத்திரிகைத் தமிழில் தருகிறோம். ‘தொரத்திவுட்டாங்க’ என்ற சொல் நம் வாயில் இருக்க, அதை எழுதக் கூசுகிறோம்.

பாமாவின் ‘கருக்கு’ 1992இல் வந்தபோது இந்தக் கூச்சம் உடைந்தது. உரையாடலுக்கு மட்டும் பேச்சுத் தமிழ், கதைசொல்லலுக்கு எழுத்துத் தமிழ் என்ற பழைய பங்கீட்டை அவர் ஏற்கவில்லை. எடுத்துரைப்பதும் வாதாடுவதும் பேச்சு மொழியிலேயே நடந்தன. 2000இல் அதை ஆங்கிலத்தில் தந்த லட்சுமி ஹோம்ஸ்ட்ராம் தம் முன்னுரையில் இதைச் சரியாகக் கவனித்து எழுதினார். பனைமட்டையின் ரம்பப் பல்லைக் குறிக்கும் ‘கருக்கு’ என்ற தலைப்பையும் மாற்றாமல் வைத்தார். ஒரு பெயர்ச்சொல்லை அப்படியே வைத்துவிடலாம். துணைவினையை அப்படி வைக்க முடியாது. ஒவ்வொரு முறையும் அந்த மொழிக்குள் அதற்கு ஒரு வழி தேடித்தான் ஆகவேண்டும். அதனால்தான் அது பெயர்ச்சொல்லைவிடக் கடினமானது. குறிப்புரையும் அதற்கு எழுதப்படுவதில்லை.

நம் வட்டாரத்திலிருந்தே ஒரு சான்று. புதுச்சேரி அருகே ஒரு கிராமத்தில் வயல்வேலை செய்தவரும் பேறுகாலம் பார்த்தவரும் பாட்டுக்காரருமான வீரம்மா, தம் வாழ்க்கையைத் தமிழில் சொன்னார். ஜோசியான் ரசீன் அதைப் பல ஆண்டுகள் கேட்டுப் பதிவுசெய்தார். ஜான்-லுக் ரசீனும் சேர்ந்து உருவாக்கிய பிரெஞ்சு நூல் 1995இல் பாரீசில் வெளிவந்தது. வில் ஹாப்சனின் ஆங்கில நூல் 1997இல் வந்தது. அது பிரெஞ்சிலிருந்து பெயர்க்கப்பட்டது. நம் சேரித் தமிழ் இரண்டு கடல் தாண்டிய பயணம் இது. இடையில் நின்ற பிரெஞ்சு, ஆங்கிலம்போலவோ ஜெர்மன்போலவோ வினையோடு சின்னச் சொல்லைச் சேர்த்துப் பேசும் மொழி அல்ல. பெரும்பாலும் ஒரே சொல்லில் வினையை முடித்துவிடும். வீரம்மா சொன்ன துணைவினைகள் அந்தக் கதவு வழியாகத்தான் ஆங்கிலத்துக்குப் போகவேண்டியிருந்தது.

ஆனால் பிரெஞ்சுத் தலைப்பில் ஒரு நல்ல பாடமும் இருக்கிறது. ‘ஒரு பறை வாழ்வு: அடிமைப்படுத்தப்பட்டோரின் சிரிப்பு’ என்று அதைத் தமிழில் சொல்லலாம். அதிலுள்ள ‘பாரியா’ என்ற சொல்லே நம் தமிழிலிருந்து ஐரோப்பிய மொழிகளுக்குப் போனது, இழிசொல்லாகப் போனது. அடுத்து வரும் ‘அசெர்வி’ என்ற சொல் வேறு வகை. அது ‘அடிமைகள்’ என்று சொல்லவில்லை, ‘அடிமைப்படுத்தப்பட்டவர்கள்’ என்கிறது. பிறப்பில் இல்லாத ஒன்றை யாரோ செய்தார்கள் என்று அந்தச் சொல்லின் வடிவமே சொல்கிறது. ஆங்கில நூலின் தலைப்பில் இந்தச் சிரிப்பும் இல்லை, இந்தச் சொல்லும் இல்லை. ‘தீண்டத்தகாத ஒருத்தியின் வாழ்வு’ என்ற பொருளில் அது வந்தது.

இங்கே நம் பெயர்களையே ஒருமுறை பார்க்கவேண்டும். ஆங்கிலத்தின் ‘அன்டச்சபிள்’, பிரெஞ்சின் ‘அன்துஷாபிள்’, ஜெர்மனின் ‘உன்பெரூர்பார்’ மூன்றும் ஒரே அச்சு: தொட முடியாதவர். குறை தொடப்படுபவரிடம் இருப்பதாக அந்தச் சொற்கள் சொல்கின்றன. தமிழில் ‘தீண்டத்தகாதவர்’ என்று எழுதினால் அதே பழியை நாமும் சுமத்துகிறோம். ‘தகு’ என்ற வினை தகுதியைப் பற்றிப் பேசுகிறது. ‘தீண்டப்படாதவர்’ என்று எழுதினால் ‘படு’ என்ற வினை வந்து, தொட மறுக்கும் ஒரு கையைக் காட்டுகிறது. அரசமைப்புச் சட்டத்தின் 17ஆம் பிரிவு ஒழித்ததாகச் சொல்லும் ‘தீண்டாமை’ இன்னும் தெளிவானது: அது தீண்டாதவரின் குற்றம். ‘தாழ்ந்தோர்’ என்பதற்கும் ‘தாழ்த்தப்பட்டோர்’ என்பதற்கும் இடையில் இருப்பதும் இதே வேறுபாடுதான். ஒரு துணைவினைக்காக நம் முன்னோர் போராடினார்கள் என்று சொன்னால் மிகையாகாது.

ஆகவே மன்றத்தின் முன் நாங்கள் மூன்று வேலைகளை வைக்கிறோம்.

ஒன்று, பாகூர், வில்லியனூர் பகுதி ஊர்களில் நம் மூத்த பெண்கள் பேசும் துணைவினைகளை மாணவர்கள் ஒரு நோட்டில் திரட்டவேண்டும். தனிச்சொல்லாக வேண்டாம், முழு வாக்கியமாக, யார் யாரிடம் எப்போது சொன்னது என்ற விவரத்தோடு எழுதவேண்டும். ‘கடாசிட்டான்’ என்பதற்கும் ‘போட்டுட்டான்’ என்பதற்கும் உள்ள தூரம் வாக்கியத்தில்தான் தெரியும்.

இரண்டு, நம் எழுத்து எந்த மொழிக்குப் போனாலும் மொழிபெயர்ப்பாளரோடு உட்கார்ந்து மூன்று கேள்விகளைக் கேட்கவேண்டும். இந்த வினையில் செய்தவர் தெரிகிறாரா? சொல்பவர் எந்தத் தெருவில் நிற்கிறார்? இது வீட்டுச் சொல்லா, அலுவலகச் சொல்லா? ஆங்கிலம் வழியாக ஜெர்மனுக்கோ பிரெஞ்சுக்கோ போகும்போது இந்தக் கேள்விகள் இரட்டிப்பாகத் தேவைப்படும். நடுவில் இருக்கும் மொழி எதை மறைத்தது என்று கடைசி மொழிபெயர்ப்பாளருக்குத் தெரியாது. அதைச் சொல்லும் இடத்தில் நாம் இருக்கவேண்டும்.

மூன்று, புகார் மனு எழுத உதவும் நம் தோழர்கள், பாதிக்கப்பட்டவர் சொன்ன வினையை அவர் சொன்னபடியே முதலில் எழுதிக்கொள்ளவேண்டும். அதன்பிறகு எழுத்துத் தமிழாக்கலாம். ‘தள்ளிவிட்டார்கள்’ என்பது ஒருபோதும் ‘விழுந்துவிட்டார்’ ஆகக் கூடாது.

தோழர்களே, நம்மைப் பற்றி மற்றவர்கள் எழுதிய காலம் நெடுங்காலம். நாமே எழுதி, அதை மற்றவர்கள் பெயர்க்கும் காலம் இப்போது நடக்கிறது. நம் பிள்ளைகள் ஆங்கிலமும் பிரெஞ்சும் ஜெர்மனும் கற்று, நம் எழுத்தைத் தாமே பெயர்க்கும் காலமும் வரவேண்டும். அப்போது அகராதியில் கிடைக்காத ஒன்று அவர்களிடம் இருக்கும்: பாட்டி ‘வுட்டானுங்க’ என்று சொன்னபோது அவள் குரல் எங்கே இறுகியது என்பது. அதைக் காதில் வைத்துக்கொண்டு பெயர்க்கட்டும்.